கண்ணாடி வாய்க்காலில் வாத்தியார் போட்ட கோடு

வாத்தியார் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. இன்னமும் குடும்பத்தில் நாலு பேர் கூடினால், "அந்தக் கோட்டுக் கதையைச் சொல்லுங்க" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் அவரைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனாலும் அந்த நீளமான கழுத்தையும், கணக்குப் போடும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்கிற வழக்கத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மாதிரியே பேசுவார்கள்.

கூடப்பிறந்தவர்கள் ஏழு பேரில் அவர் நாலாவது. மூத்தவர்கள் மூவரும் அப்பாவோடு மரக்கடையில் நின்றுவிட்டார்கள். கீழே மூன்று தங்கைகள். நடுவில் மாட்டிக்கொண்ட இவர்தான் புழுவையும் பூச்சியையும் பாட்டிலில் போட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்து, விலங்கியல் படித்து, பள்ளிக்கூடத்து வாத்தியாரானார். கட்டிக்கொண்டது ஒரு தையல்காரியை. அவளுக்கு ஒரே அண்ணன். வீடு கட்டுகிற மேஸ்திரி. அந்த மேஸ்திரிக்கு வாய்த்தவளோ வாத்தியாரின் பெரியம்மா மகள். ஆகவே மேஸ்திரி இவருக்கு ஒரு பக்கம் மச்சான், இன்னொரு பக்கம் அத்தான். இரண்டு பக்கத்துக் கிண்டலையும் அவர் ஒருவரே குறைவில்லாமல் செய்துவந்தார்.

வாத்தியாருக்கு நாற்பது வயது நடக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு விஷயம் நடந்தது. மழை பெய்தால் போதும், வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்து கிடந்தது. தெருக் குழாயிலிருந்து வருகிற தண்ணீரே கலங்கல். வாத்தியார் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நெளிந்தது, சுழன்றது, வால் ஆட்டியது எல்லாவற்றையும் பென்சிலால் அழகாகப் படம் வரைந்து, பெயரெழுதி, தண்ணீர் இலாகா அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அங்கேயிருந்த இன்ஜினியர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், படம் அருமையா இருக்கு. பிரேம் போட்டு மாட்டுங்க. குழாய் விஷயத்தை எங்ககிட்ட விட்டுடுங்க. இது இன்ஜினியரிங். உங்களுக்குப் புரியாது."

அந்த 'புரியாது' அவருக்கு நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

அந்த வாரத்திலேயே, சம்சாரம் தையலுக்கு மாதிரி வெட்டிப் போட்டிருந்த பழைய செய்தித்தாள் ஒன்று அவர் கண்ணில் பட்டது. சட்டையின் கைக்கு வெட்டின துண்டு. அதில் ஓர் அறிவிப்பு. சுற்றுச்சூழல் பொறியியலில் முதுகலைப் படிப்பு. பொறியியல் படிக்காத அறிவியல் பட்டதாரிகளும் சேரலாம். அவர்கள் மட்டும் முதல் வருஷம் நாலு அடிப்படைப் பாடங்களை முடிக்க வேண்டும். விண்ணப்பத்தின் கடைசித் தேதி இருக்க வேண்டிய இடத்தில் அக்குளின் வளைவு வந்து காகிதம் முடிந்துவிட்டிருந்தது.

"இதோட மிச்சம் எங்கே?" என்று கேட்டார்.

"எதோட மிச்சம்?"

"இந்தக் கையோட மிச்சம். தேதி அதுல இருக்கு."

"அது காலரா போயிருக்கும். அந்த டப்பாவுல பாருங்க."

டப்பாவில் முப்பது காலர் இருந்தது. தேதியைக் கண்டுபிடித்தபோது இன்னும் நாலு நாள்தான் பாக்கி. சம்சாரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "படிங்க. மூணு வருஷம் கடையை வெச்சு வீட்டை நான் பார்த்துக்கிறேன். ஆனா பாதியில விட்டுட்டு வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்கன்னா, மிஷினைத் தூக்கிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

அண்ணன் சும்மா இருப்பாரா? "ஒரு கழிவுத்தொட்டி கட்டுறதுக்கு எனக்கு மூணு நாள் போதும் மாப்பிள்ளை. அதைப் படிக்க உங்களுக்கு மூணு வருஷமா?"

"மச்சான், நீங்க கட்டினது நாலு மாசத்துல ஒழுகுதே. ஏன் ஒழுகுதுன்னு படிக்கத்தான் போறேன்."

"படிச்சுட்டு வந்து என்கிட்ட சொல்லாதீங்க. ஒழுகாம கட்டினா என்னை மறுபடி யாரு கூப்பிடுவா?"

இப்படியாகச் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி, வாத்தியார் காலேஜுக்குப் போக ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் அவர் இடத்துக்கு அந்த மாதமே வேறு ஆள் வந்தாயிற்று.

அந்தத் துறையில் இருபத்தாறு பேர். இருபத்துமூன்று பேர் பொறியியல் படித்த பிள்ளைகள். மீதி மூன்று பேரில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் வேலை பார்த்த நர்ஸ், ஒருவன் உரக்கம்பெனியில் வேதியியல் பார்த்தவன், மூன்றாவது நம் வாத்தியார். இந்த மூவருக்கும் அங்கே 'வெளியூர்' என்று பெயர். வாத்தியார் அதே நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். எந்தப் பஸ் எந்த முக்கில் திரும்பும் என்று அவரைக் கேட்டுத்தான் மற்ற பிள்ளைகள் ஊரையே சுற்றினார்கள். ஆனாலும் அவர் வெளியூர்தான். "அண்ணே, நீங்க உள்ளூரா வெளியூரா?" என்று ஒருத்தன் கேட்பான். "நான் உள்ளூர் வெளியூர்" என்பார் இவர். டீக்கடை பெஞ்சே குலுங்கும்.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. தண்ணீரின் ஓட்டத்தைக் கணக்கிடுகிற ஹைட்ராலிக்ஸ் ஆய்வகத்தில் செய்முறை சொல்லிக்கொடுக்க வந்த இளம் விரிவுரையாளர், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வாத்தியாரிடமே ஒன்பதாம் வகுப்பு படித்த பெண். வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்டதால் அவளுக்கு அப்போதே 'கேள்வி' என்று பட்டப்பெயர். முதல் நாள் அவரை மாணவர்கள் வரிசையில் பார்த்ததும் கையிலிருந்த வருகைப் பதிவேட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

"சார்! நீங்க எங்கே சார் இங்கே?"

"உள்ளேன் மேடம்" என்றார் வாத்தியார், எழுந்து நின்று.

"சார், தயவுசெஞ்சு மேடம்னு கூப்பிடாதீங்க. கூச்சமா இருக்கு."

"வெளியே நீ கேள்வி. இந்த ரூமுக்குள்ள மேடம்தான்."

அந்த ஆய்வகம் ஒரு நீண்ட, தாழ்ந்த கூரையுள்ள அறை. எப்போதும் ஈரச் சிமெண்டு வாசனை. தரைக்கு அடியில் பெரிய தொட்டி. மோட்டார் அதிலிருந்து தண்ணீரை ஏற்றும், தண்ணீர் சுற்றிவிட்டு மறுபடி அதிலேயே போய் விழும். அறையின் நடுவில் இடுப்புயரத்துக்கு இருபதடி நீளத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு வாய்க்கால். வாய்க்காலின் குறுக்கே ஒரு பித்தளைத் தகடு. தகட்டின் மேல்பக்கத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு. தண்ணீர் தகட்டின் பின்னால் தேங்கி உயர்ந்து, அந்த வெட்டு வழியாகப் பாய்ந்து போகும். விநாடிக்கு இத்தனை லிட்டர் வருகிறதென்றால், பின்னால் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும்? அதுதான் கணக்கு.

அந்தத் துறையின் தலைவர் ஒல்லியாக, காய்ந்த குச்சி மாதிரி இருப்பார். தும்மினால்கூட விதிப்படித்தான் தும்முவார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். தேர்வுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். தாளில் எழுதுகிற விடையை அவர் நம்பமாட்டார். மாணவன் கணக்குப் போட்டு, தண்ணீர் நிற்கப்போகிற மட்டத்தைக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் சாக்பீஸால் கோடாகப் போட வேண்டும். பக்கத்தில் தன் எண்ணை எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் வால்வைத் திறப்பார்கள். தண்ணீர் வந்து கோட்டைத் தொட்டால் பாஸ். அரை சென்டிமீட்டர் மேலே கீழே இருக்கலாம். அதற்கு மேல் போனால் பெயில். வாதாட முடியாது. தண்ணீரோடு யார் வாதாடுவது?

கணக்குப் பாடத்தை வாத்தியார் எப்படியோ தத்தித் தடவித் தாண்டினார். விசையியலும் வரைபடமும் நர்ஸோடும் உரக்கம்பெனிக்காரனோடும் சேர்ந்து படித்துத் தேறினார். ஹைட்ராலிக்ஸில்தான் மாட்டினார். முதல் தடவை விநாடிக்குப் பத்து லிட்டர் கொடுத்தார்கள். கணக்கைச் சரியாகவே போட்டார்: பதினான்கு சென்டிமீட்டர். அளவுகோலை வாய்க்காலின் தரையில் வைத்து, பதினான்கில் கோடு இழுத்து, நிமிர்ந்து நின்றார். வால்வு திறந்தது. தண்ணீர் வந்தது, கோட்டைத் தொட்டது, நிற்காமல் மேலே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. ஐந்து விரல் அகலம் உயரே போய் நின்றபோது பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது.

அளக்க வேண்டியது தரையிலிருந்து அல்ல, தகட்டு வெட்டின் அடிமுனையிலிருந்து. பொறியியல் படித்த எந்தப் பிள்ளையும் அதைத் தப்பாகச் செய்யாது. பதினெட்டு வருஷம் மீனையும் ஓணானையும் வாலிலிருந்து தலை வரைக்கும் அளந்த மனிதருக்கு, அளவு என்றால் அடியிலிருந்துதான் ஆரம்பம்.

அங்கே ஒரு விதி. வெளியூர்க்காரர்கள் அடிப்படைப் பாடம் ஒன்றில் இரண்டு தடவை தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் படிப்பு இல்லை. வாத்தியாருக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி, அதுவும் ஆறு மாதம் கழித்து.

தேர்வு நடந்த அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது, முதல் பஸ்ஸில் சம்சாரத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். இரண்டாவது பஸ்ஸில் அதையே மனப்பாடம் செய்தார். வீட்டின் முன்பக்கத்துத் தையல் கடையில் ஏறினால், மேஸ்திரி மச்சான் கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சட்டையின் இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள வந்தவர், இன்றைக்கு முடிவு வருகிறதென்று தங்கை சொன்னதைக் கேட்டுக் காத்திருந்திருக்கிறார்.

"என்ன மாப்பிள்ளை, முகம் தொங்குது? தண்ணி கவுத்துடுச்சா?"

சம்சாரம் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். துணி எடுக்க வந்திருந்த இரண்டு பெண்களும் பார்த்தார்கள்.

"பாஸ்" என்றார் வாத்தியார்.

அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது என்று சாகிற வரைக்கும் அவருக்குத் தெரியவில்லை. வந்துவிட்டது. திரும்பப் பிடிக்க முடியவில்லை. அதற்குள் சம்சாரம் எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணா, போய் முதல்ல வாயைக் கழுவிட்டு வா" என்றாள். அடுத்த அரைமணி நேரத்தில் தெருவுக்கே இனிப்பு போயிற்று. மருந்துக்கடைக்காரர் வந்து கை குலுக்கினார். எதிர்வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், "நாற்பதுல படிச்சுப் பாஸ் பண்றதுன்னா லேசா?" என்று தன் மூன்று பிள்ளைகளையும் வரிசையாகத் திட்டினார். மறுநாள் சாயங்காலத்துக்குள் வாத்தியாருக்கு ஒரு புதுச் சட்டை தயார். வெளிர்நீலம், இரட்டைத் தையல், உள்பாக்கெட் வேறு. அதைப் போட்டுக்கொள்ளும்போது உடம்பெல்லாம் அரிக்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

அந்த ஆறு மாதம் வாத்தியார் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாஸான பாடத்தை வீட்டில் எப்படி விரித்து வைத்துப் படிப்பது? ஹைட்ராலிக்ஸ் புத்தகத்துக்கு 'முதுகெலும்பிகள்' என்று போட்ட பழைய அட்டையை மாட்டினார். பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தார். ஒரு நாள் சம்சாரம் கையும் களவுமாகப் பிடித்தாள். "முடிச்ச பாடத்தையே மறுபடி மறுபடி எதுக்குப் படிக்கிறீங்க?"

"மறந்துடக்கூடாதுல்ல."

அதையும் பெருமையாக வாடிக்கையாளர்களிடம் சொன்னாள் அவள்: "பாஸ் பண்ணின பாடத்தையே விடாம படிக்கிறாரு. அப்படியொரு மனுஷன்."

மேஸ்திரி வேறு சும்மா விடவில்லை. வேலை நடக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், நாலு ஆள்கள் முன்னால் கேட்டார்: "பாஸானவரே, இந்தக் குழாய்க்கு எவ்வளவு சாய்வு விடணும்?"

வாத்தியார் குழாயைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அது… சூழ்நிலையைப் பொறுத்தது மச்சான்."

மேஸ்திரி ஆள்கள் பக்கம் திரும்பினார். "படிச்சவங்க எல்லாரும் இதையேதான்டா சொல்றாங்க. மாப்பிள்ளை நெஜமாவே பாஸ்தான்!"

வீட்டில் சொன்ன பொய் தெரிந்தவர்கள் கேள்வியும், அதே பாடத்தில் தவறியிருந்த நர்ஸும்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகம் காலியாக இருக்கும். கேள்வி அந்த ஒரு மணி நேரத்தை அவருக்காகத் திறந்து வைத்தாள். தன் டப்பாவைத் தொட்டி விளிம்பில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே வால்வைத் திருப்புவாள்.

"சார், நாலு லிட்டர். போடுங்க கோடு."

"இரு, இரு. எழுதிக்கிறேன்."

"எதுக்கு சார் இவ்வளவு ஸ்டெப்? தவளையை அறுக்கிற மாதிரி அறுக்கிறீங்க. ஒவ்வொரு உறுப்பா எடுத்து வெச்சுட்டுக் கடைசியில பார்த்தா, கணக்கு செத்துப் போயிருக்கு."

"ஒன்பதாவதுல என்னைக் கேள்வி கேட்டே கொன்ன. இப்ப பதில் சொல்லிக் கொல்ற."

"தகட்டு முனையிலிருந்து அளங்க சார். முனையிலிருந்து. தரையை மறந்துடுங்க. தரை உங்களுக்கு ஜென்ம விரோதின்னு நினைச்சுக்கோங்க."

அந்த மத்தியானங்களைப் பற்றி வாத்தியார் பிற்காலத்தில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறார். மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து வந்து ஓடுகிற தண்ணீரில் விழும். கூரையில் அதன் வெளிச்சம் நெளியும். நர்ஸ் ஒரு பக்கம் உட்கார்ந்து தனக்குத்தானே சூத்திரம் சொல்லிக்கொண்டிருப்பாள். மோட்டார் உறுமும். "வாழ்க்கையில நான் அவ்வளவு பயந்ததும் இல்ல, அவ்வளவு சந்தோஷமா இருந்ததும் இல்ல. ரெண்டும் ஒரே ரூமுல" என்பார்.

தேர்வு நாள் வந்தது. திரும்ப எழுதுகிறவர்கள் இரண்டே பேர், வாத்தியாரும் நர்ஸும். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர், குண்டான மனிதர், வந்திருந்தார். துறைத்தலைவர் பக்கத்தில் அவர் நின்றது ஒன்றுக்குப் பக்கத்தில் பூஜ்யம் எழுதின மாதிரி இருந்தது. நர்ஸ் முதலில் போட்டாள், பாஸ். வெளியே ஓடியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்து சுவரோரம் நின்றாள்.

வாத்தியாருக்கு விநாடிக்கு எட்டு லிட்டர் என்று சொன்னார்கள். தாளில் எழுதினால் அவருக்கு எண்கள் இடம் மாறிவிடும். கண்ணாடியிலேயே சாக்பீஸால் கணக்கை எழுதிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். விதியில் தடை இல்லை. பதினெட்டு வருஷம் கரும்பலகையில் எழுதின கையல்லவா? எழுத்து முத்து முத்தாக விழுந்தது. நாலு வரியில் கணக்கு முடிந்தது. அளவுகோலைத் தகட்டு முனைக்கு நேராகப் பிடித்தார், இரண்டு தடவை சரிபார்த்தார், கோடு போட்டார், எண்ணை எழுதினார். வால்வு அறையின் அந்தக் கோடியில் இருந்தது. கேள்வி முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே நின்றாள். தேர்வாளரும் தலைவரும் ஜன்னலடியில் நர்ஸின் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முடிச்சிட்டேன்" என்றார் வாத்தியார்.

"திறங்கம்மா" என்றார் தலைவர், தலையைத் தூக்காமலே.

கேள்வி வால்வைத் திருப்பினாள். அந்த நேரம் பார்த்து காலேஜ் மணி அடித்தது.

மணி அடித்தால் வாத்தியாரின் கை என்ன செய்யும்? பதினெட்டு வருஷம் என்ன செய்ததோ அதைத்தான் செய்யும். அடுத்து வருகிற ஆசிரியருக்கு அழுக்குப் பலகையை விட்டுப்போவது அவர் பழக்கத்திலேயே கிடையாது. பக்கத்து மேஜையிலிருந்த டஸ்டரை எடுத்தார். கண்ணாடியை மேலிருந்து கீழ் வரை, இடமிருந்து வலமாக, ஒரு இடம் விடாமல் பளிச்சென்று துடைத்தார். டஸ்டரைத் தட்டித் தூசியையும் உதறினார். நர்ஸ் "ஐயோ" என்று கத்தின பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

தண்ணீர் அதுபாட்டுக்கு ஏறி, தான் நிற்க வேண்டிய இடத்தில் அமைதியாக நின்றது.

தேர்வாளர் குனிந்து பார்த்தார். "கோடு எங்கே?"

"துடைச்சிட்டேன் சார்."

"எதுக்கு?"

"மணி அடிச்சிடுச்சு."

தேர்வாளர் நர்ஸைப் பார்த்தார். அவள் சுவரோரத்தில் இருந்ததால் கண்ணாடி பளபளத்தது தெரிந்ததே தவிர, கோடு எந்த உயரத்தில் இருந்ததென்று தெரியாது. கடைசியில் கேள்வியிடம் கேட்டார்: "நீங்க பார்த்தீங்களாம்மா?"

கேள்வியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது எல்லாம். பார்த்தேன், கோடு சரியாக இருந்தது என்று ஒரு பொய் சொன்னால் வாத்தியார் பாஸ். வாத்தியாரைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள்.

"இல்ல சார். நான் வால்வு பக்கம் திரும்பி நின்னேன். பார்க்கல" என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

அந்தப் பெண் அழுவது வாத்தியாருக்குத் தாங்கவில்லை. கிட்டே போய், மெல்லிய குரலில் சொன்னார்: "ஒன்பதாவதுல மைக்ராஸ்கோப்புல ஒண்ணுமே தெரியாம 'தெரியுது சார், தெரியுது சார்'னு சொன்னவதானே நீ? இன்னைக்குன்னு பார்த்து உனக்கு உண்மை வந்துடுச்சு பாரு."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், சும்மா இருங்க சார்."

"பெயில்னு எழுதிடலாமா?" என்று தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் துறைத்தலைவர். அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கத்தைத் தேடினார். கண்டுபிடிக்க நாலு நிமிஷமானது. அந்த நாலு நிமிஷத்தில் வாத்தியார் பள்ளிக்கூடம், கடை, மச்சான், தெரு, புதுச்சட்டை எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டார்.

"மாணவர் குறித்த கோட்டைத் தண்ணீர் அடையும்போது தேர்வு நடந்ததாகக் கொள்ள வேண்டும். இப்படித்தான் போட்டிருக்கு" என்றார் தலைவர். "இங்கே கோடு இல்ல. இல்லாத கோட்டைத் தண்ணி எப்படி அடையும்? ஆகவே தேர்வு நடக்கல. நடக்காத தேர்வுல ஒருத்தர் எப்படி பெயில் ஆக முடியும்?"

"சார், இது என்ன புது நியாயம்?" என்று தேர்வாளர் கேட்டார்.

"நான் சொல்லல. புத்தகம் சொல்லுது. புத்தகத்தை எழுதினவனும் நான் இல்ல." விதிக்காக அத்தனை பேரைக் கதற வைத்த மனிதர், அதே விதியை வைத்து அன்றைக்கு ஒருத்தரைக் காப்பாற்றினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வாத்தியார் பக்கம் திரும்பினார். "அளவு மாத்துவோம். ஆறு லிட்டர். இருபது நிமிஷம். கணக்குப் போட லாக் அட்டவணைப் புத்தகம் மட்டும் வெச்சுக்கலாம். அந்த டஸ்டரை இங்கே குடுங்க."

டஸ்டரை வாங்கித் தன் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

இருபது நிமிஷம் என்பது போதுமான நேரம்தான், பதறாதவர்களுக்கு. வாத்தியாருக்கு லாக் புத்தகத்தின் வரிகள் எறும்பு மாதிரி நகர்ந்தன. முதல் தடவை போட்டதில் தண்ணீர் கூரைக்கு மேலே போகிற மாதிரி விடை வந்தது. அடித்துவிட்டு மறுபடி போட்டார். பதினொன்று புள்ளி இரண்டு. முனையிலிருந்து அளந்தார். கோடு போட்டார். எண்ணை எழுதினார். சாக்பீஸைக் கீழே வைத்தார். பின்னே ஒரு யோசனை வந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

வால்வு திறந்தது. தண்ணீர் தரையை நிறைத்து, தகட்டின் முனைக்கு வந்து, வெட்டு வழியாக முதலில் நூல் மாதிரி விழுந்து, பிறகு கனத்து, மெல்ல மெல்ல ஏறியது. வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க" என்றாள் நர்ஸ். "ஊசியா போடுறாங்க?"

திறந்தார். தண்ணீர் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் நடுங்கிக்கொண்டு நின்றது. தேர்வாளர் இரும்பு அளவுகோலை வைத்தார், மூச்சு வாங்கக் குனிந்தார், மறுபடி வைத்தார்.

"மூணு மில்லிமீட்டர்" என்றார். "பாஸ்."

வாத்தியார் ஆபீஸ் அறைக்கு ஓடினார். அந்த வயதில் அந்த ஓட்டம் ஓடக்கூடாது. கிளார்க்கைக் கெஞ்சிப் போனை வாங்கி, தையல் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடை எண்ணைச் சுழற்றினார். மருந்துக்கடைக்காரர் போய்க் கூப்பிட்டார். சம்சாரம் தோளில் நூலோடு ஓடிவருகிற செருப்புச் சத்தம்கூடப் போனில் கேட்டது.

"என்னங்க? உடம்புக்கு ஏதாவதா?"

"பாஸ்!" என்று கத்தினார் வாத்தியார். "பாஸ் பண்ணிட்டேன்! மூணே மில்லிமீட்டர்!"

"எதுல பாஸ்?" என்று கேட்டாள் அவள்.

அப்போதுதான் உறைத்தது அவருக்கு. ஆறு மாதமாக எதை மறைத்துக் காப்பாற்றினாரோ, அதைச் சந்தோஷத்தில் தானே போட்டு உடைத்துவிட்டார். கிளார்க் வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேறு வழியில்லை. மெதுவாக, ஒன்றுவிடாமல் சொன்னார்: தரையிலிருந்து அளந்தது, மச்சானைக் கண்டதும் வாயில் வந்த வார்த்தை, முதுகெலும்பிகள் அட்டை, இன்றைக்குத் துடைத்த கோடு. சொல்லி முடித்ததும்தான் அவருக்குப் பயம் வந்தது. மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ?

"ஏங்க" என்றாள் கடைசியில். குரல் தாழ்ந்திருந்தது, மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் நிற்பார் போலிருக்கிறது. "தெருவுக்கே இனிப்பு குடுத்து முடிச்சாச்சு. சட்டை தைச்சுப் போட்டாச்சு. அண்ணன் ஊரு பூரா சொல்லிட்டான். இப்ப நெஜமா பாஸ் பண்ணினதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

வாத்தியார் போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டார்.

"பொய்யா பாஸானதுக்கு ஊரே கொண்டாடுச்சு. உண்மையா பாஸானதை வாயைத் திறந்து சொல்ல முடியாம பண்ணிட்டீங்களே!" என்றாள். திட்டுகிறாளா, அழுகிறாளா என்று அவருக்கு முதலில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் சிரிக்கிறாள் என்பது புரிந்தது. சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள் என்று மருந்துக்கடைக்காரர் பிறகு சொன்னார். என்ன விஷயமென்று அவரும் கேட்டார். "ஒண்ணுமில்லண்ணே, மத்தியானம் சாப்பிட்டுட்டாராம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று அவள் கடையைச் சீக்கிரமே சாத்தினாள். ஏன் என்று கேட்டவர்களிடம் ஊசி உடைந்துவிட்டது என்றாள். வெளிச்சம் இருக்கும்போதே வாத்தியார் வீட்டுக்கு வந்தார். கதவை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு, அவரை முக்காலியில் உட்கார வைத்து, அந்த இருபது நிமிஷத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னாள். முடிந்ததும் மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லிக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி வந்து கதவைத் தட்டினார். "என்ன பகல்லயே சாத்திட்டு உட்கார்ந்திருக்கீங்க? உள்ளே என்ன நடக்குது?" என்று வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் ஒருத்தர் வாயை ஒருத்தர் பொத்திக்கொண்டு, அவர் போகிற வரைக்கும் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.